சாவி போட்டு நிற்கும் வண்டி

என் பேட்டரிக் கடைக்கும் ரெஜினா மாஸ்டரின் பட்டறைக்கும் நடுவில் ஒரு தகரம்தான் சுவர். அங்கே ஒருத்தர் இருமினால் இங்கே நான் திரும்பிப் பார்ப்பேன். அதனால் ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் என்னைச் சொல்ல வேண்டாம். காதைப் பொத்திக்கொண்டு வியாபாரம் பண்ண முடியாது.

சிங்காநல்லூரில் டீக்கடைக்கு ஒரு மாஸ்டர் உண்டு, தையல் கடைக்கு ஒரு மாஸ்டர் உண்டு. பழைய கார்களின் இக்னிஷனுக்கு ரெஜினா மாஸ்டர். வயது நாற்பத்திரண்டு. பேச்சு ரொம்பக் குறைவு. ஏதாவது கேட்டால் பதிலுக்கு ஒரு ஸ்பேனரை நீட்டுகிற ஆள்.

அந்தம்மாவிடம் ஐம்பத்தொன்பது வயதில் ஒருத்தர் சிஷ்யனாகச் சேர்ந்தார். சூலூர் நாச்சிமுத்து. மில்லில் நூலின் தரம் பார்க்கிற வேலையில் முப்பத்து நாலு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நூலில் முடிச்சு இருந்தால் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவார் என்று பெயர்.

அவர் வந்த அன்று கூடவே ஒரு ஹெரால்டு கார் வந்தது. வெளிர் நீலம், அறுபத்தொன்பது மாடல். சீட் தையல் புதுசு, கதவு ரப்பர் புதுசு. முன்பக்கம் முழுவதையும் தூக்கிப் பார்த்தால் என்ஜின் மேல் இலை போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். ஆனால் இருபது நிமிஷம் ஓடினால் நின்றுவிடும். ஆறின பிறகு மறுபடி கிளம்பும். கடைசியாக அதுவும் இல்லை.

"ரிப்பேர் பண்ணிக் குடுக்க வேண்டாமுங்க மாஸ்டர். எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றார் நாச்சிமுத்து.

"எதுக்குங்கண்ணா?"

"வழியில நின்னுட்டா நானே பாக்கோணும்."

"எந்த வழியில?"

"கோத்தகிரி போற வழியில."

"எப்பப் போறீங்க?"

நாச்சிமுத்து முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். "வண்டி ரெடியானதும்."

மாஸ்டர் பழந்துணியில் கையைத் துடைத்தார். "நாளைக்குக் காலைல வாங்க. பழைய சட்டை போட்டுட்டு வாங்க."

அந்தக் கோத்தகிரி விஷயத்தை நாலைந்து நாள் கழித்து டீ குடிக்கும்போது நாச்சிமுத்து என்னிடம் சொன்னார். கேட்காமலே சொன்னார். சொல்ல ஆள் கிடைக்காமல் இருந்திருக்கிறார், பாவம்.

அவர் சம்சாரம் பெயர் வசந்தாமணி. பதினொரு வருஷத்துக்கு முன்னால், இந்த ஹெரால்டை வாங்கின புதிதில், ரெண்டு பேரும் கோத்தகிரிக்குக் கிளம்பினார்கள். அந்தம்மாவுக்கு மலை என்றால் உயிர். புளிசாதம் கட்டிக்கொண்டு, ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போனார்கள். மலை ரோட்டில் குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் வண்டி நின்றுவிட்டது.

நாலு மணி நேரம். மழை வேறு. இவர் என்ஜினுக்குள் விட்ட தலையை எடுக்கவே இல்லை. வசந்தாமணி குடையோடு பக்கத்தில் வந்து, "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் பாருங்களேன்" என்றிருக்கிறார். இவருக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். "உன்னாலதான் அவசரப்பட்டு எடுத்தேன், வண்டி இன்னும் ரெடியே ஆகலை" என்று ரோட்டில் போகிற வருகிறவர்கள் பார்க்கக் கத்தியிருக்கிறார்.

அந்தம்மா பொட்டலத்தை சீட்டில் வைத்தார். கீழே போகிற பஸ்ஸுக்குக் கை காட்டி ஏறிப் போய்விட்டார்.

"அன்னிக்கே நான் முடிவு பண்ணுனேன் சம்பத்து" என்றார் நாச்சிமுத்து. "அடுத்த தடவை அவ ஏறுனா வண்டி நிக்கக் கூடாது. நிக்காதபடி பண்ணிட்டுத்தான் கூப்பிடோணும்."

அப்படிப் பண்ணிக்கொண்டே பதினொரு வருஷம் போய்விட்டது. கார்புரேட்டர் மாற்றினார். ரேடியேட்டர் மாற்றினார். வயர் முழுக்க உருவி எடுத்துப் புதுசு இழுத்தார். ஒவ்வொரு லீவுக்கும் அடுத்த மாசம் கிளம்பலாம் என்பார். அடுத்த மாசம் வேறொன்று மாற்ற வேண்டியிருக்கும்.

போன வருஷம் வசந்தாமணி கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூட விடுதிக்கு வார்டன் வேலைக்கு எழுதிப் போட்டு, வேலை கிடைத்து, பஸ் ஏறிப் போய்விட்டார். சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. போகும்போது சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு மலையைப் பாத்துட்டு இருக்கோணும். வண்டி ரெடியானதும் நீங்க வாங்க."

"ஏனுங்கண்ணா, காந்திபுரத்துல இருந்து பஸ் இருக்குதே. ஏறி உக்காந்தா முடிஞ்சுது" என்றேன்.

"பஸ்ல போய் இறங்குனா வண்டி என்னாச்சுன்னு கேப்பா."

"கேக்கட்டுமே."

"என்னன்னு சொல்றது? பதினொரு வருஷம் என்ன பண்ணிட்டு இருந்தேன்னு சொல்றது?"

அவர் டம்ளரைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"காலைல காப்பி இன்னும் ரெண்டு டம்ளர்தான் போடறேன்" என்றார். "ரெண்டையும் நானே குடிக்கிறேன். அவ போய் எட்டு மாசமாச்சு. கை கேக்க மாட்டேங்குது."

பிறகு முக்கியமானதைச் சொன்னார். விடுதிக்குள்ளேயே வார்டனுக்கு ஒரு வீடு தருகிறார்களாம். "ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள ஒரு தடவை வந்துட்டுப் போங்க. வந்தா உக்காந்து பேசலாம். வராட்டி நான் எழுதிக் குடுத்துடறேன்" என்று வசந்தாமணி போனில் சொல்லியிருக்கிறார்.

"என்னன்னு எழுதிக் குடுக்கறதுங்கண்ணா?"

"அங்கயே இருந்துக்கறேன்னு."

அப்போது ஏப்ரல் பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது.

முதல் பாடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாச்சிமுத்து பெருமையோடுதான் ஆரம்பித்தார். கரண்டை விட்டு விட்டு வெட்டுகிற பழைய பாயின்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டிருந்தார். ஸ்பார்க்குக்குக் கரண்டை ஏற்றித் தருகிற காயிலும் புதுசு, பந்தயக் காரில் போடுகிற ரகம். "ரெண்டும் இருக்கறதுலயே பெஸ்டுங்க மாஸ்டர். தேடித் தேடி வாங்குனது" என்றார்.

மாஸ்டர் ஓம்ஸ் அளக்கிற மீட்டரை அவர் கையில் கொடுத்தார். "காயிலை அளங்க."

நாச்சிமுத்து ரெண்டு முனையிலும் வைத்து அளந்தார். "ஒண்ணு புள்ளி ஒண்ணுங்க."

"இப்ப மீட்டரோட ரெண்டு ஊசியையும் ஒண்ணோட ஒண்ணு தொடுங்க."

"புள்ளி மூணு காட்டுது."

"அது உங்க வயரோடது. கழிச்சுட்டுச் சொல்லுங்க."

"புள்ளி எட்டு."

"மாட்யூல் டப்பால என்ன போட்டிருக்கு?"

நாச்சிமுத்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "காயில் குறைஞ்சது மூணு ஓம்ஸ் இருக்கணும்னு போட்டிருக்குதுங்க."

நாச்சிமுத்து டப்பாவையும் காயிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புரியலைங்களே மாஸ்டர். காயில் பவரானது. மாட்யூல் புதுசு."

"போர்வெல் மோட்டார் வயரைக் கொண்டுவந்து வீட்டு ஃபேன் சுவிட்சுல குடுத்தா என்னாகுமுங்கண்ணா?"

"சுவிட்சு கருகிடும்."

"மோட்டார்ல கோளாறா?"

"இல்லீங்க."

"சுவிட்சுல?"

"அதுலயும் இல்லீங்க."

"இங்க மாட்யூல்தான் சுவிட்சு. காயில் இழுக்கற கரண்டெல்லாம் அது வழியாத்தான் போகோணும். ஓம்ஸ் குறைய குறைய காயில் சாஸ்தியா இழுக்கும்." இவ்வளவு நீளமாக மாஸ்டர் பேசி நான் கேட்டதே இல்லை.

"அப்ப எந்தக் காயிலும் எந்த மாட்யூலும் போட்டா வண்டி நிக்கவே நிக்காது? அதைச் சொல்லுங்க, எங்க இருந்தாலும் வாங்கிட்டு வந்துடறேன்."

மாஸ்டர் பெஞ்சுக்கு அடியில் இருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்து அவர் முன்னால் வைத்தார். உள்ளே எரிந்துபோன மாட்யூல்கள். ஒரு முப்பது நாற்பது இருக்கும். சிலது அதனதன் டப்பாவோடு கிடந்தது. நாச்சிமுத்து ஒவ்வொரு டப்பாவாக எடுத்துப் படித்தார். எல்லா டப்பாவிலும் ஆயுசு முழுக்க உழைக்கும் என்றுதான் போட்டிருந்தது.

டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெட்டியில் அடுக்கினார்.

ஒரு மாசம் தினமும் வந்தார். காலை ஒன்பதுக்கு வந்தால் சாயங்காலம்தான் போவார். நல்ல சிஷ்யன் என்றுதான் சொல்ல வேண்டும். சூடாக இருக்கும்போது ஓம்ஸ் ஏறும், ஆறினால் இறங்கும் என்று தானாகவே கண்டுபிடித்து நோட்டில் எழுதிக்கொண்டார். எர்த் வயர் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் இருந்தால் சுரண்டிவிட்டு மாட்டக் கற்றுக்கொண்டார். மாஸ்டர் ஒரு தடவை காட்டுவார். மறுதடவை கேட்டால் காட்ட மாட்டார். இவர் கேட்டதும் இல்லை.

கடைசியில் மூணு புள்ளி ஒண்ணு ஓம்ஸ் காயில் ஒன்றை அவரே தேர்ந்தெடுத்து, அதற்குப் பொருத்தமான மாட்யூலை அவரே மாட்டினார். கோடைவெயிலில் ரெண்டு மணி நேரம் என்ஜினை ஓடவிட்டார்கள். நிற்கவில்லை. நாச்சிமுத்துவின் முகத்தை அன்றைக்குப் பார்க்க வேண்டும். தகரத்துக்கு மேலே எட்டிப் பார்த்து என்னிடம், "கேட்டியா சம்பத்து? தறி மாதிரி ஓடுது" என்றார்.

மாஸ்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. பட்டறையை விட்டுப் போகிற ஒவ்வொரு வண்டியிலும் காயில் கழுத்தில் ஒரு அட்டை கட்டிவிடுவார். தேதி, காயில் ஓம்ஸ், மீட்டரில் எத்தனை கிலோமீட்டர். அவ்வளவுதான் எழுதியிருக்கும். ஹெரால்டுக்கும் கட்டினார். மே மாசம் ஆறாம் தேதி, மூணு புள்ளி ஒண்ணு, நாற்பத்தொன்றாயிரத்து முந்நூற்று ஆறு.

"போயிட்டு வந்து சொல்லுங்கண்ணா" என்றார்.

"சொல்றேனுங்க மாஸ்டர். இந்த வாரமே போயிடறேன்."

அந்த வாரம் ஒரு சேதியும் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. மே முப்பதாம் தேதி, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரு டெம்போவின் பின்னால் கயிற்றில் கட்டி ஹெரால்டு வந்து சேர்ந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். முகம் வற்றிப்போயிருந்தது.

"மறுபடியும் எரிஞ்சுருச்சுங்க மாஸ்டர்" என்றார். "நீங்க சொன்ன ஓம்ஸ்தான். நீங்க சொன்ன மாட்யூல்தான். ஒண்ணுகூட மாத்தலை. பள்ளிக்கூடம் திங்கக்கிழமை திறக்குது."

மாஸ்டர் முன்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். காயிலின் அடி உப்பி, உள்ளே இருக்கிற எண்ணெய் வழிந்து கீழே சொட்டியிருந்தது. மாட்யூல் செத்திருந்தது. நானும் போய் எட்டிப் பார்த்தேன். எனக்கே கஷ்டமாக இருந்தது. பொருத்தம் பார்த்துப் போட்டதும் இப்படி ஆனால் மனுஷன் என்ன செய்வார்.

மாஸ்டர் அட்டையைத் திருப்பிப் படித்தார். பிறகு கதவைத் திறந்து டேஷ்போர்டில் கிலோமீட்டர் எண்ணைப் பார்த்தார்.

"நாப்பத்தொண்ணு முந்நூத்தி இருபத்தெட்டு" என்றார். "உங்க வீடு இங்கிருந்து எவ்வளவு தூரமுங்கண்ணா?"

"பதினொரு கிலோமீட்டரு."

"அன்னிக்கு ஓட்டிட்டுப் போனது பதினொண்ணு. இன்னிக்குக் கயிறு கட்டி வந்தது பதினொண்ணு."

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார்.

"மூணு வாரமா வண்டி வாசலைத் தாண்டலை" என்றார் மாஸ்டர். "ஓடாத வண்டில காயில் எப்படிங்கண்ணா வெந்துச்சு?"

டெம்போக்காரர் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போனார். பிறகுதான் நாச்சிமுத்து வாயைத் திறந்தார்.

"தினமும் சாயங்காலம் குளிச்சுட்டு வண்டில போய் உக்காருவேனுங்க. போலாம்னுதான் உக்காருவேன். சாவி போடுவேன்."

"போட்டு?"

"அந்தச் சிவப்பு லைட் எரியுமில்லீங்க. அது எரிஞ்சா கிளம்பப் போற மாதிரியே இருக்கும். சாவி போடாட்டி வெறும் தகரத்துக்குள்ள உக்காந்திருக்கற மாதிரி இருக்குது. சாவியைப் போட்டுட்டு அவகிட்டப் பேசிட்டு இருப்பேன்."

"போன்லயா?"

"இல்லீங்க. பக்கத்து சீட்டுல." அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அங்க போய் என்ன சொல்லோணும்னு சொல்லிப் பாப்பேன். சரியா வராது. வேற மாதிரி சொல்லிப் பாப்பேன். ஒரு மணி நேரம் ஆகிடும், ஒன்றரை ஆகிடும். அப்புறம் ஏதாவது சத்தம் கேட்ட மாதிரி இருக்கும், வீல்ல ஏதோ லூசுன்னு தோணும். நாளைக்கு அதைப் பாத்துட்டுக் கிளம்பலாம்னு சாவியை எடுத்துட்டு வந்துடுவேன்."

இது எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த விஷயம்தான். என்ஜின் நிற்கும்போது சாவியைப் போட்டு வைத்தால், காயிலுக்குக் கரண்டு விடாமல் போய்க்கொண்டே இருக்கும். ஓடுகிற என்ஜினில் விட்டு விட்டுப் போகும். அதனால் தாங்கும். நின்ற வண்டியில் மூச்சு விட இடமே கிடையாது. ஆனால் ஒரு மாசம் எல்லாவற்றையும் அளக்கக் கற்றுக்கொண்ட மனுஷனுக்கு இதை மட்டும் யாரும் சொல்லவில்லை. சாவியைப் போட்டுக்கொண்டு இப்படி உட்காருவார் என்று யாருக்குத் தோன்றும்?

மாஸ்டர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அலமாரியில் இருந்து வேறொரு மூணு ஓம்ஸ் காயிலை எடுத்தார். ஷாக் அடிக்காமல் இருக்க மேல் முனையை ரப்பர் மூடி போட்டு அடைத்தார். செத்த மாட்யூலை ஒதுக்கிவிட்டு, காரின் காயில் வயரில் இருந்து நீளமாக ரெண்டு வயரை இழுத்து, ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுபோய் அதில் மாட்டினார்.

"உள்ள உக்காருங்கண்ணா."

நாச்சிமுத்து உட்கார்ந்தார். மாஸ்டர் காயிலை அவருடைய ரெண்டு கைக்கும் நடுவில் வைத்தார்.

"இப்ப சாவி போடுங்க. வீட்ல பேசறதை இங்க பேசுங்க. பிடிக்க முடியாதப்ப விட்டுடுங்க."

"உங்க முன்னாலயா?"

"நான் சம்பத்தண்ணன் கடைல இருக்கேன்."

சொன்னபடி வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தார். "ரேடியோவைக் கொஞ்சம் சத்தமா வைங்கண்ணா" என்றார் என்னிடம். நான் வைத்தேன். ரெண்டு நிமிஷம் கழித்துக் குறைத்துவிட்டேன், மறைப்பானேன். மாஸ்டர் என்னை முறைத்தார். ஆனால் மறுபடி கூட்டச் சொல்லவில்லை.

முதலில் தொண்டையைச் செருமுகிற சத்தம். பிறகு நாச்சிமுத்துவின் குரல்.

"வசந்தா, சீட்டெல்லாம் புதுசு போட்டிருக்கேன். உம் பக்கத்துக் கண்ணாடி இறங்காதுன்னு சொல்லுவியே, இப்ப இறங்குது."

சீட் கிரீச்சிடுகிற சத்தம் கேட்டது.

"இதுவா சொல்லோணும்? இது இல்லை" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு மறுபடி ஆரம்பித்தார்.

"அன்னிக்கு நான் கத்துனது தப்பு. வண்டி நின்னதுக்கு நீ என்ன பண்ணுவே. நீ பஸ் ஏறிப் போனதுக்கப்புறம் அந்தப் பொட்டலத்தைப் பிரிச்சேன். சாப்பிடக் கூடாதுன்னுதான் இருந்தேன். பசி. மழைல நனைஞ்சுட்டே நின்னு, உம் பங்கையும் சேத்துத் தின்னுட்டேன். நல்லா இருந்துச்சு வசந்தா. அவ்வளவு நல்லா இருந்துச்சு. இதை உங்கிட்ட நான் சொல்லவே இல்லை."

மாஸ்டர் தன் கை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே ரோட்டைப் பார்த்தேன்.

"நீ இல்லாம வீட்ல இருக்க முடியலை. டீவி போட்டாலும் முடியலை. வண்டியைப் பிரிச்சுட்டு உக்காந்தாத்தான் கொஞ்சம் தேவலை. வண்டி ரெடியாயிருச்சுன்னா அப்புறம் பிரிக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. அதுக்கப்புறம் உங்கிட்ட வந்துதான் ஆகோணும். நீ வேண்டாம்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அதற்குப் பிறகு பேச்சு நின்றது. சாவி போட்டுக் கால் மணி நேரம் தாண்டியிருக்கும். சூடேறின வார்னிஷ் வாசனை தகரத்தைத் தாண்டி என் கடைக்கு வந்தது. மாஸ்டர் விருட்டென்று எழுந்து போனார். நானும் பின்னாலேயே போனேன்.

அந்த மனுஷன் காயிலை விடவே இல்லை. கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கை சுட்டதா மனசு சுட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மாஸ்டர் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி எடுத்தார். சிவப்பு லைட் அணைந்தது. காயிலைத் துணியால் பிடித்து வாங்கிக் கீழே வைத்தார்.

"விட்டுடுங்கன்னு சொன்னேனே" என்றார்.

"விட முடியலைங்க."

நான் குடத்தில் இருந்து தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினேன். ரெண்டு உள்ளங்கையும் செக்கச் செவேல் என்று இருந்தது. நல்லவேளை, கொப்புளம் வரவில்லை.

மாஸ்டர் கதவுப் பக்கமாகக் குனிந்து மீட்டரைக் காட்டினார்.

"எவ்வளவு தூரம் வந்திருக்கோமுங்கண்ணா?"

நாச்சிமுத்து மீட்டரைப் பார்த்தார்.

"இங்கயேதானுங்க இருக்கோம்."

"காயிலு?"

"வெந்து போச்சுங்க."

மாஸ்டர் சரி என்று தலையாட்டிவிட்டு வேலையில் இறங்கினார். வேறொரு காயில், வேறொரு மாட்யூல். இந்தத் தடவை அவரே மாட்டினார். நாச்சிமுத்து பக்கத்தில் நின்று ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தார், எரிகிற கையோடு. மூணு புள்ளி ஒண்ணு இருக்கிறதா என்று ரெண்டு பேரும் மாறி மாறி அளந்தார்கள். ஊசியைத் தொட்டுப் பார்த்து வயருக்குக் கழித்துக்கொண்டார்கள். பதினொன்றே முக்காலுக்கு என்ஜின் கிளம்பியது. சத்தம் சுத்தமாக இருந்தது.

நாச்சிமுத்து வண்டியைச் சுற்றி வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். பின்னால் குனிந்து புகைக் குழாயில் காதை வைத்தார். எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது.

"மாஸ்டர், வலது பக்கம் ஏதோ ஆடற மாதிரி இருக்குது" என்றார். "இன்னிக்குப் பல்லடம் வரைக்கும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு, நாளைக்கு அதையும் பிரிச்சுப் பாத்துட்டு..."

"திங்கக்கிழமை பள்ளிக்கூடமுங்க" என்றேன் நான். எனக்குப் பொறுக்கவில்லை.

நாச்சிமுத்து என் பக்கம் திரும்பவே இல்லை. மாஸ்டரின் முகத்தையே பார்த்தார்.

"ரெடியாயிருச்சுங்களா மாஸ்டர்? நீங்க சொல்லுங்க. நிக்காதுங்களா?"

"நிக்காத வண்டியை நான் இதுவரைக்கும் பாத்ததில்லைங்கண்ணா."

அவர் முகம் விழுந்துவிட்டது. என்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"குஞ்சப்பனைகிட்ட நின்னுட்டா?"

"ஓரமா நிறுத்திட்டுப் போன் பண்ணுங்க."

"உங்களுக்குங்களா?"

"எனக்கெதுக்கு? அவங்களுக்கு."

நாச்சிமுத்து திகைத்துப்போனார்.

"அவளுக்கா? அதே வண்டி அதே ரோட்டுல மறுபடியும் நின்னுபோச்சுன்னு நான் எப்படிங்க மாஸ்டர் சொல்லுவேன்? எந்த மூஞ்சியை வச்சுட்டுச் சொல்றது?"

மாஸ்டர் முன்பக்கத்தை இறக்கி அழுத்தினார். ரெண்டு பக்கக் கொக்கியும் மாட்டிக்கொண்டதா என்று பார்த்தார். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"நின்னுபோச்சுன்னு எதுக்குச் சொல்றீங்க" என்றார். "கிளம்பிட்டேன்னு சொல்லுங்க."